வேலைக்கு முந்திய விருந்து

எங்கள் ஊர் குல்சாரியில் வேலை தேடுகிற யாருடைய புகைப்படத்தை எடுத்துப் பார்த்தாலும் ஒரே கறுப்புக் கோட்டுதான் இருக்கும். அது என் கடைக் கோட்டு. சந்தைக்கு எதிரில் நான் ஜெராக்ஸ் கடை போட்ட வருஷம் வாங்கியது. கீழ்ப் பொத்தான் இரண்டும் போய்விட்டன. படத்தில் அதுவரைக்கும் வராது என்பதால் நான் தைக்கவில்லை. ஆண்களுக்குத் தொளதொளவென்று கழுத்துப்பட்டையும் ஒன்று மாட்டி வைத்திருக்கிறேன். அதை அணிந்து, மூச்சை அடக்கி, சிரிக்காமல் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் பொறியாளர் மாதிரியே தெரிவார்கள்.

மார்ச்சில் பனி உருகித் தெருவெல்லாம் உப்புச் சேறாகக் கிடந்தபோது அந்த அறிவிப்பு வந்தது. எண்ணெய் வயல் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது. அனுபவம் உள்ளவர்களுக்குப் பதினோரு இடம். துருப்பிடிப்பதைக் கண்காணிக்கிற பொறியாளர், நிலவியல் படித்தவர், கட்டுப்பாட்டு அறைக்கு ஆட்கள். படிப்பை முடித்த புதுப் பட்டதாரிகளுக்குப் பயிற்சியோடு ஆறு இடம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டதாரி. சில வீட்டில் இரண்டு. ஆறு இடத்துக்கு எண்ணூறு பேர் மனுப் போட்டார்கள். அதில் முந்நூறு பேராவது என் கோட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். எனக்கு அச்சு மை தீர்ந்து, பெரிய நகரமான அத்திராவிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று.

அந்த எண்ணூறில் ஒருத்தி அக்போதா. எங்கள் பக்கத்து வீட்டு தெமிர்பெக்கின் ஒரே மகள். எண்ணெய், எரிவாயு பொறியியல் படித்து முடித்து இரண்டு வருஷமாக மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். தெமிர்பெக் குழாய் வெல்டர். பதினைந்து நாள் வயலில் வேலை, பதினைந்து நாள் வீடு என்று முப்பது வருஷம் ஓட்டியவர். ஒப்பந்தக்காரன் மாறுவான், வேலை மாறாது. அவருக்கு ஒரே ஆசை. தன் நுழைவுச் சீட்டைக் காட்டினால் திறக்காத அந்த அலுவலகக் கதவு மகளுக்குத் திறக்க வேண்டும்.

"உள்ள உனக்கு ஆள் யாருய்யா?" என்று அவரோடு வேலை செய்யும் கிரேன்காரன் போலாத் கேட்டுக்கொண்டே இருப்பான். "மாமனா, மச்சானா? யாரும் இல்லேன்னா உன் பொண்ணு அந்தக் கல்லாவுலயே கிழவியாயிடுவா. எழுதி வச்சுக்க."

"அவ மார்க்கு இருக்குடா."

"மார்க்கு எல்லார்கிட்டயும் இருக்கு. மாமன்தான் இல்ல."

தெமிர்பெக் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம், அக்போதா கல்லாவில் இருந்தபடியே கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை என் கடைக் கணினிக்கு அனுப்பினாள். 'அண்ணே, அச்செடுத்து வைங்க, சாயங்காலம் வாங்கிக்கறேன்' என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் அச்சுக்குக் கொடுத்தேன். முதல் தாள் வந்தது. இரண்டாவது தாள் உள்ளே மாட்டிக்கொண்டது. நான் மேஜைக்கு அடியில் குனிந்து அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, கம்ஷாத் உள்ளே வந்தாள்.

கம்ஷாத் எதிர்வீட்டுக்காரி. நல்ல மனசு, ஓட்டை வாய். எங்கள் ஊரில் நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் 'சூயின்ஷி' என்று கத்த வேண்டும். கேட்டவர் கையில் இருக்கிறதில் நல்லதாக ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தை பிறந்தாலும் சரி, தொலைந்த ஒட்டகம் வந்தாலும் சரி. அந்தச் சொல்லை எங்கள் தெருவில் கம்ஷாத்தைவிட அதிகம் கத்தியவர் கிடையாது. ஓட்டத்தில் அவளை யாரும் முந்தியதும் இல்லை.

"இஸ்மாகுல், என்னய்யா இது, அக்போதா பேரு போட்டிருக்கு?" என்ற குரல் கேட்டது. "'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்'னு இருக்கு! அடி என் தங்கமே!"

"இரு அக்கா, ரெண்டாவது பக்கம்—" என்றேன். தலை மேஜையில் இடித்துக்கொண்டது. நான் எழுந்து நின்றபோது கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தாளை ஒருவழியாக வெளியே எடுத்தேன். எண்ணூறு பேரில் நாற்பது பேரை நேர்காணலுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், ஏப்ரல் ஒன்பதாம் தேதி அத்திராவுக்கு வரவும், அசல் சான்றிதழ்கள் அவசியம் என்று அதில் இருந்தது.

கடையைப் பூட்டாமலே ஓடினேன். ஓடி என்ன பிரயோஜனம்? நான் போய்ச் சேர்ந்தபோது தெமிர்பெக்கின் மனைவி பாகிலா அக்காவின் நல்ல சால்வை, திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கிற ஓரன்பூர்க் கம்பளிச் சால்வை, கம்ஷாத் தோளில் இருந்தது. பாகிலா அக்கா மாவு ஒட்டிய கையோடு அழுதுகொண்டிருந்தாள். தெமிர்பெக் தொழுவத்திலிருந்து கொழுத்த செம்மறி ஒன்றைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தார். என்னைப் பார்த்ததும் ஆட்டை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

"உன் கடையில எடுத்த படம்டா! உன் கோட்டுடா!" என்றார். அவர் கன்னத்து ஈரம் என் கன்னத்தில் ஒட்டியது.

என் கையில் இரண்டாவது தாள் இருந்தது. அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கோழை என்று என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். முப்பது வருஷம் நெருப்பைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த அந்தக் கண்களுக்கு முன்னால் நின்று பேச எனக்கு நாக்கு எழவில்லை.

ஆறு மணிக்கு அக்போதா வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் அறுபது பேர் இருந்தார்கள். வாசற்கதவைத் திறந்ததும் கம்ஷாத் தலைமையில் பெண்கள் கூட்டம் அவள் தலைமேல் மிட்டாயை அள்ளி அள்ளி வீசியது. கல்கண்டு ஒன்று நெற்றியில் பட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தெருப் பிள்ளைகள் காலடியில் விழுந்து பொறுக்கினார்கள். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வெங்காயமும் கறியும் கலந்த வாசனை மூன்று தெருவுக்கு அழைப்பு வைத்துக்கொண்டிருந்தது. போலாத்கூட வந்திருந்தான். ஒட்டகப் பால் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொல்லல? மார்க்கு இருந்தா போதும்னு!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்போதா என்னைத் தேடினாள். நான் அடுப்புக்கு விறகு எடுக்கிற சாக்கில் சமையலறைப் பக்கம் ஒதுங்கியிருந்தேன். அவள் அம்மாவையும் இழுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

"அம்மா, இது என்ன கூத்து? நேர்காணலுக்குத்தான்ம்மா கூப்பிட்டிருக்காங்க. வேலை கிடைக்கல!"

பாகிலா அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் விடை இருந்திருக்க வேண்டும்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது பக்கம் மாட்டிக்கிச்சு, அக்கா" என்றேன்.

"நல்லா மாட்டிச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "சால்வை போச்சு, ஆடு போச்சு, இப்ப மானமும் போகணுமா?"

"நான் போய் அப்பாகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. போ. கறி வெந்துட்டிருக்கு, ஒதேகென் பெரியவர் ஆசி சொல்லக் கையைத் தூக்கிட்டு உக்காந்திருக்கார், உங்கப்பன் பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் பாட்டுப் பாடறான். போய் நடுவுல நின்னு சொல்லு, பார்க்கலாம்."

முற்றத்திலிருந்து தெமிர்பெக்கின் பாட்டு கேட்டது. சுருதி எங்கேயோ, பாட்டு எங்கேயோ. அக்போதா கதவுவரைக்கும் போனாள். எட்டிப் பார்த்தாள். அப்படியே திரும்பி வந்து, தலைமுடியில் சிக்கியிருந்த மிட்டாயைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஒன்பதாம் தேதி வரைக்கும்" என்றாள். "வேலை கிடைச்சா யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"கிடைக்கலேன்னா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. பாகிலா அக்கா என் கையில் விறகைத் திணித்து வெளியே தள்ளினாள்.

எண்பத்துநாலு வயசு ஒதேகென் பெரியவர் இரண்டு கையையும் விரித்து, 'எண்ணெயைப் போலப் பெருகு, காற்றைப் போல உயரு, மேலதிகாரியைவிட மேலே போ' என்று நீளமாக ஆசி சொன்னார். ஆசியை ஏற்று அறுபது பேரும் முகத்தைக் கையால் தடவிக்கொண்டோம். பிறகு வேகவைத்த மாவுப் பட்டைகளின் மேல் மலையாகக் கறியைக் குவித்த தட்டுகள் வந்தன. குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும் கறி ருசியாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு நாளும் அவளுக்கு முள்மேல் இருப்புதான். மளிகைக் கடைக்கு வருகிறவர்களெல்லாம், "இன்னும் ஏம்மா இங்க உக்காந்திருக்க? எப்பச் சேர்ற?" என்று கேட்டார்கள். "கையெழுத்துப் போட ஒன்பதாம் தேதி போறா" என்று தெமிர்பெக்கே ஊருக்குப் பதில் சொன்னார். கார் பேசி வைத்தவரும் அவர்தான். கறுப்புக் கோட்டை நான்தான் கொடுத்தேன். பாகிலா அக்கா இரண்டு பொத்தான் தைத்துப் போட்டாள்.

அத்திராவில் நடந்ததை அக்போதா வாயால் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் எங்கள் இனத்துப் பெண்மணி ஒருவர், கண்ணாடி போட்டவர். ஒரு பக்கம் சிவப்புத் தாடி வெளிநாட்டுக்காரர், இன்னொரு பக்கம் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி.

பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டைக் காலையிலேருந்து ஒன்பது போட்டோவுல பார்த்துட்டேன். இப்பதான் நேர்ல வந்திருக்கு" என்றாராம்.

"குல்சாரியில ஒண்ணுதாங்க இருக்கு" என்றாளாம் இவள்.

அழுத்தம், அடர்த்தி, வால்வு என்று ஒரு மணி நேரம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் பாதுகாப்பு அதிகாரி கேட்டார்.

"எண்ணெய்க் கிணத்துல எல்லாம் சரியா இருக்குன்னு உங்க மேலாளர் மேலிடத்துக்குச் சொல்லிட்டார். எல்லாரும் கை குலுக்கிட்டு இருக்காங்க. உங்க கையில இருக்கற கருவி மட்டும் வேற எண் காட்டுது. என்ன செய்வீங்க?"

"வேலையை நிறுத்தச் சொல்வேன்."

"காலையிலேருந்து வந்தவங்க எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. நிஜத்துல அப்படி ஒரு தடவையாவது செஞ்சிருக்கீங்களா?"

அக்போதா வாயைத் திறந்தாள். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நடந்ததாக ஒரு கதை தயாராக இருந்தது. என் கடையில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் ஜோடித்த கதை. அது வரவில்லை.

"இல்லைங்க" என்றாள். "பன்னெண்டு நாளைக்கு முன்னால செஞ்சிருக்கணும். செய்யல."

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சூயின்ஷி, சால்வை, ஆடு, நெற்றியில் பட்ட கல்கண்டு, அப்பாவின் பாட்டு. கண்ணாடிப் பெண்மணி சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். தாடிக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும், அவர் தாமதமாக, ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பாதுகாப்பு அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுலயே வாயைத் திறக்காதவங்க, கிணத்துல திறப்பீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"எங்கப்பா வெல்டருங்க. நச்சு வாயுவைப் பத்தி அவர் ஒண்ணு சொல்வார். அழுகின முட்டை வாடை வந்தா முகமூடியை எடு. வந்த வாடை திடீர்னு நின்னா, அதுதான் மூக்கு செத்துடுச்சுன்னு அர்த்தம், ஓடு. பன்னெண்டு நாளா எங்க வீட்டுல அந்த வாடை நின்னு போச்சுங்க. எனக்கே பழகிப்போச்சு. அதான் பயமா இருக்கு. வீட்டுல தப்புச் சொன்னா ஓர் ஆடு போகும். அங்க ஆளு போயிடும். எனக்கு அந்த வித்தியாசம் தெரியுங்க."

"அப்பாகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"இங்கேருந்து போனதும்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். முடிவு மூன்று வாரத்தில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் திரும்பி வந்தபோது தெமிர்பெக் வேலைக்குக் கிளம்புகிற நேரம். பையும் முகமூடிப் பொட்டலமும் வாசலில் தயாராக இருந்தன. போலாத்தும் இன்னும் நாலு பேரும், பேருந்து வரும்வரைக்கும் என்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒதேகென் பெரியவர் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன், சேதி கேட்கத்தான் போயிருந்தேன்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்றார் தெமிர்பெக்.

அக்போதா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னாள். "அப்பா, எனக்கு வேலை கிடைக்கல. அந்தக் கடிதாசி நேர்காணலுக்கு வந்தது. இன்னிக்குத்தான் நேர்காணல் நடந்துச்சு. விருந்தன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தது என் தப்பு."

தெமிர்பெக்கின் முகம் காது வரை சிவந்தது. பாகிலா அக்கா, "எனக்கும் தெரியும்" என்றாள். "எனக்கும்" என்றேன் நான், யாரும் கேட்காமலே.

போலாத் வாயைத் திறந்தான். ஆனால் அவனை முந்திக்கொண்டு தெமிர்பெக் கேட்டார்.

"இதை அவங்ககிட்டயும் சொன்னியா?"

"சொன்னேன்."

"ஆட்டையுமா?"

"ஆட்டையும்தான்."

"சிரிச்சாங்களா?"

"ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒருத்தர் எழுதிக்கிட்டார்."

தெமிர்பெக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார். "கறி தின்ன அறுபது பேரையும் கூட்டிட்டுப் போயிருந்தா சாட்சி சொல்லியிருப்பாங்களே!" என்றார்.

ஒதேகென் பெரியவர் கடைவாயில் உலர்ந்த தயிர்க்கட்டியை அதக்கியபடி, "அப்போ என் ஆசி?" என்றார்.

"திருப்பி எடுத்துக்கோங்க பெரியவரே" என்றான் போலாத்.

"போடா. திருப்பி எடுக்க அது என்ன சால்வையா? சொன்னது சொன்னதுதான். கிளம்பிடுச்சு, வழியில இருக்கு. இந்தச் சேத்துல வண்டி வர நேரமாகாதா?"

பேருந்து வந்தது. தெமிர்பெக் படியில் ஏறி, உள்ளே இருந்த நாற்பது பேரும் கேட்கிற மாதிரி, "என் மகளுக்கு வேலை இன்னும் கிடைக்கல! கறிதான் முன்னாடி வந்துடுச்சு! இனிமே எவனும் எங்கிட்ட எப்பச் சேர்றான்னு கேக்கக் கூடாது!" என்று அவரே கத்தினார். பேருந்து முழுக்கச் சிரித்தது. அவரைப் பார்த்து அல்ல, அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அதைக் கேட்டால் தெரியும்.

பாவம், கம்ஷாத்தான் இடிந்துபோனாள். மறுநாளே சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு பாகிலா அக்கா வீட்டுக்குப் போனாள். சூயின்ஷிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் நல்ல சேதியே அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும் என்று அக்கா தொடவே மறுத்துவிட்டாள். கம்ஷாத்துக்கு அதைப் போர்த்திக்கொள்ளவும் மனசில்லை. மூன்று வாரம் அது அவள் வீட்டு நாற்காலி ஒன்றின் முதுகில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஏப்ரல் கடைசியில் சேறு காய்ந்து புழுதிக்காற்று ஆரம்பித்தது. ஒரு காலை, கடைக் கணினியில் அக்போதாவின் கடிதம் வந்து விழுந்தது. மேலே ஒரு சொல்கூட அவள் எழுதவில்லை. அச்சுக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை எதுவும் மாட்டவில்லை. மூன்று தாளும் வந்தன. கதவைத் தாழிட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இரண்டு தடவை படித்தேன். பிறகு தாழைத் திறந்து, எதிர்க்கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த கம்ஷாத்தைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இதைப் படி. முழுசாப் படி."

"ஐயோ, நான் மாட்டேன்ப்பா. என் கண்ணு பட்டாலே எழுத்து மாறுது."

"படி அக்கா."

அவள் விரலை வைத்து வைத்துப் படித்தாள். கடைசித் தாளின் கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "இதை நேர்காணலுக்குக் கூப்பிடறவங்க கேக்க மாட்டாங்கல்ல?"

"கேக்க மாட்டாங்க."

இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓடினோம். வயசில் அவள் எனக்கு எட்டு வருஷம் மூத்தவள். அப்படியும் என்னால் முந்த முடியவில்லை. நடுவில் தன் வீட்டுக்குள் புகுந்து சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேறு வந்தாள். தெமிர்பெக் வீட்டு வாசலில் நின்று, மூன்று வாரம் அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"சூயின்ஷி!"

பாகிலா அக்கா வெளியே வந்தாள். மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்த கையில் அரிகரண்டி. எங்கள் இருவரையும் ஒரு நிமிஷம் முறைத்தாள்.

"கடைசி வரி என்ன?"

"செருப்பு அளவு கேட்டிருக்காங்க அக்கா!" என்றேன். "பாதுகாப்புக் காலணி தரதுக்கு அளவு எழுதி அனுப்பணுமாம். ஜூன் ஒண்ணாம் தேதி சேரணும்!"

பாகிலா அக்கா உள்ளே போனாள். பொரித்த மாவுருண்டை இருந்த அலுமினியப் பேசினை அப்படியே தூக்கி வந்து கம்ஷாத்தின் கையில் வைத்தாள். சுடச்சுட இருந்தது. கம்ஷாத் 'ஆ'வென்று கத்தினாளே தவிரக் கீழே விடவில்லை.

வயலிலிருந்து திரும்பி விடுப்பில் இருந்த தெமிர்பெக் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, அவர் குரல் தூக்கம் கலையாமலே ஜன்னல் வழியாக வந்தது.

"முப்பத்தேழு."

வெறுங்காலோடு ஓடிவரும் சத்தம் கேட்டது. உள்பனியனும் சிவந்த கண்களுமாக வாசலுக்கு வந்து நின்றார். கடிதத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசித் தாளின் கடைசி வரிக்குப் போனார். அதை இரண்டு தடவை படித்தார்.

"இஸ்மாகுல், முப்பத்தெட்டுன்னு எழுதி அனுப்பு" என்றார். "குளிருக்கு அவ ரெண்டு காலுறை போட்டாகணும்."